பேரெண்ணுக்குப் பெயரிட்டால் போதுமா?

147573952589676412927.

இஃது இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண். இரண்டை அறுபத்தேழு முறை எழுதித் தம்முள் பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிட்டும். பார்வைக்கு ஏனைய எண்களைப் போன்றதே. ஆயினும் இவ்வோர் எண்ணைப் பற்றி ஐரோப்பிய அறிவுலகம் 232 ஆண்டுகள் ஒரு பிழையான செய்தியைச் சுமந்துகொண்டிருந்தது. பிழை என்று தெரிந்த பின்னரும் அதனைக் கண்முன் நிறுத்திக் காட்ட மேலும் 27 ஆண்டுகள் ஆயின. எண்ணைப் பற்றிப் பெருமை பேசும் எவரும் இவ்வரலாற்றை ஒருமுறை பொறுமையோடு படித்தல் வேண்டும். குறிப்பாகத் தமிழர் படித்தல் வேண்டும்.

ஏனெனில், தமிழின் தொன்மை பேசும் மேடைகளில் எண்ணுப் பெயர்களின் பட்டியல் ஒன்று தவறாமல் ஓதப்படுகிறது. கோடிக்கு மேலும் தமிழில் பெயருண்டு, தாமரை என்றும் வெள்ளம் என்றும் ஆம்பல் என்றும் முன்னோர் எண்ணினர் என்று முழங்குவர், கேட்போரும் கைதட்டுவர். முழங்குவது பொய்யன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரம் ஐ, அம், பல் என்னும் ஈறுகளையுடைய எண்ணுப் பெயர்களுக்குப் புணர்ச்சி நெறி வகுத்திருக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை உரைகாரர் அவற்றுக்கு எடுத்துக்காட்டாகத் தந்துள்ளனர். பரிபாடலின் இரண்டாம் பாடலிலும் நெய்தல், குவளை, ஆம்பல் எனப் பேரெண் பெயர்கள் ஊழிகளின் அளவாக அடுக்கப்பட்டுள்ளன. இலக்கணத்துள் இடம்பெறும் அளவுக்கு அப்பெயர்கள் வழக்கில் இருந்தன என்பது பெருமைக்குரியதே. ஆனால், அப்பெயர் ஒவ்வொன்றும் குறிக்கும் அளவு யாது என்று வினவினால், நூல்கள் ஒருமுகமாக விடை கூறுவதில்லை. பெயர் எஞ்சிற்று; அளவு மயங்கிற்று. எஞ்சிய பெயரை ஓதுவதே எண்ணறிவு என்று கருதிக்கொள்வது, பூட்டிய வீட்டின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வீட்டாரை அறிந்துகொண்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எண்ணின் இயல்பு அதன் பெயரில் இல்லை. அஃது எவ்வெவ்வெண்களால் மீதியின்றி வகுபடும், எவ்வெவ்வெண்களால் வகுபடாது என்பதில் இருக்கிறது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாதது பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என அது தொடரும். வகுபடுவது பகு எண். அதனை வகுக்கும் எண்கள் அதன் கூறுகள். (பள்ளி நூல்கள் கூறு என்பதைக் காரணி என்று எழுதுகின்றன. ‘கூறு’ என்று எழுதினால் எந்தக் கணக்கும் கெட்டுவிடாது.) 15 என்னும் எண்ணைக் கண்டவுடன் 3, 5 என்னும் கூறுகள் புலப்படுகின்றன. 2047 என்னும் எண்ணுக்குச் சற்று முயலவேண்டும். 23, 89 என்பன அதன் கூறுகள். மேலே காட்டிய இருபத்தோர் இலக்க எண்ணுக்கோ?

மரீன் மெர்சேன் என்பார் 1588 முதல் 1648 வரை வாழ்ந்த பிரெஞ்சு நாட்டுத் துறவி. அந்நாளில் அறிவியலுக்கெனத் தாளிகைகள் இல்லை. தெக்கார்த்து, பெர்மா முதலியோர் தாம் கண்டவற்றை அவருக்கு மடலாக எழுதுவர். அவர் அவற்றைப் பிறர்க்கு அனுப்புவார். பாரிசில் இருந்த அவருடைய அறை, ஐரோப்பிய அறிவியலின் அஞ்சல் நிலையமாகவே விளங்கியது. அத்தகையவர் 1644-இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் ஒரு பட்டியலைத் தந்தார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்று கழித்து வரும் எண்களில், அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகுமிடத்து வருவன பகா எண்கள். 257 வரை உள்ள ஏனைய அடுக்குகளில் வருவன அனைத்தும் பகு எண்கள் என்பது அப்பட்டியல்.

இத்தகைய எண்களின்மேல் அவ்வளவு பற்று ஏன் எனின், அதற்கும் பழங்கரணியம் உண்டு. 6 என்பது தன்னின் சிறிய கூறுகளாகிய 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இவை நிறைவெண்கள். மேற்கூறிய வகையில் ஒரு பகா எண் கிடைத்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை ஆக்கலாம் என்று கிரேக்கத்து யூக்கிளிடு பண்டே நிறுவியிருந்தார்.

மெர்சேன் பட்டியலுக்குத் திரும்புவோம். அதில் ஐந்து பிழைகள். 67, 257 ஆகிய அடுக்குகளில் வருவன பகா எண்கள் அல்ல. அவர் விட்டுவிட்ட 61, 89, 107 ஆகிய அடுக்குகளில் வருவன பகா எண்களே. வியப்பென்னவெனில், பதினைந்து இருபது இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா அன்றா என்று பார்க்க எல்லாக் காலமும் போதாது என்று அவரே அவ்விடத்து எழுதியிருக்கிறார். பார்க்கவே இயலாது என்றவர் எங்ஙனம் பட்டியல் தந்தார்? பின்வந்தோர் பலர் இவ்வினாவை எழுப்பவில்லை. இத்துணைப் பெரியவர் சொன்னாரெனின் ஏதேனும் ஒரு வழி அவர் கையில் இருந்திருக்கும் என்றே எண்ணிக்கொண்டனர். 1883-இல் 61-ஆம் அடுக்கின் எண் பகா எண் என்று நிறுவப்பட்டபோதும், 67 என்று அச்சானது 61-இன் அச்சுப்பிழையாகலாம் என்று அவருக்காக வழக்காடியோர் உண்டு. எஞ்சிய மூன்று பிழைகளுக்கும் எந்த அச்சகத்தின்மேல் பழிபோடுவது? மெர்சேனைப் பழிப்பதன்று இங்கு நோக்கம். அவர் அறிவுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் எண்ணுக்குத் தொண்டும் தெரியாது, தொண்டு செய்தவரும் தெரியார். யார் சொன்னால் என்ன? வகுபடும் எண் வகுபட்டே தீரும்.

இனி அவ்வெண்ணின் இயல்பை அணுகிப் பார்க்கலாம். 1640-இல் பெர்மா கண்ட உண்மை ஒன்று இதற்கு விளக்கேற்றுகிறது. அடுக்கு ஒரு பகா எண்ணாயின், அவ்வகை எண்ணின் எந்தக் கூறும் அவ்வடுக்கின் இருமடங்கின் மடங்கைவிட ஒன்று மிகுந்தே இருக்கும். 2047-ஐ எடுத்துக்கொள்க. அதன் அடுக்கு 11, இருமடங்கு 22. கூறுகளாகிய 23 என்பது 22-ஐவிட ஒன்று மிகுதி. 89 என்பது நான்கு 22-ஐவிட ஒன்று மிகுதி. எத்துணை ஒழுங்கு! நம் பேரெண்ணின் அடுக்கு 67, இருமடங்கு 134. ஆகவே அதற்குக் கூறு இருப்பின், அது 134-இன் மடங்கைவிட ஒன்று மிகுந்ததாகவே இருத்தல் வேண்டும். மேலும், அக்கூறினை எட்டால் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மீதியாக நிற்கும் என்பது பின்னர்க் கண்ட மற்றோர் உண்மை. ஆளற்ற காட்டில் தேடுவோனுக்கு இவை இரண்டும் ஒற்றையடிப் பாதைகள். ஆயினும் பாதையின் நீளம் அஞ்சத்தக்கது. இவ்விரு நெறிக்கும் உட்பட்ட எண்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வகுத்துக்கொண்டே சென்றால், உண்மையான கூறு 7,22,790-ஆவது எண்ணாகவே எதிர்ப்படும்! அவற்றுள் வெளிப்படையான பகு எண்களைக் களைந்துவிட்டாலும் எஞ்சுவன ஒரு மாந்தனின் கைக்கு அடங்குவனவல்ல.

எண்ணின் இயல்பு என்றால் இதுதான். மெய்யான எண்ணியல் இவ்வாறு இருக்க, எண்கணியம் என்னும் பெயரால் இங்கு நடக்கும் வாணிகத்தை என்னென்பது! தமிழ்க் குழந்தைக்கு வைத்த பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, அவ்வெழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டி, கூட்டுத்தொகை நன்றாக இல்லையென்று ஓர் எழுத்தை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளப் பணம் கொடுக்கிறான் படித்த தமிழன். எண்ணுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதற்கு இருப்பவை கூறுகள். அவற்றைக் காண்பதற்கு வேண்டியது உழைப்பு.

1876-இல் எடுவார் இலூக்காசு என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு புதுவழி கண்டார். கூறுகளைத் தேடாமலே ஓர் எண் பகுபடுமா படாதா என்று சொல்லும் வழி அது. 1930-இல் அமெரிக்கரான இலெமர் அதனைச் செப்பமுற அமைத்துத் தந்த வடிவம் பள்ளி மாணவனும் செய்து பார்க்கத்தக்கது. நான்கில் தொடங்குக. அதனைத் தன்னாலேயே பெருக்கி இரண்டைக் கழித்தால் 14. அவ்வாறே 14-ஐச் செய்தால் 194. ஒவ்வோர் இடத்திலும் விடையை ஆய்வுக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அடுக்கைவிட ஒன்று குறைந்த இடத்திற்கு வரும்போது மீதி சுழியானால் அது பகா எண். ஆகாவிடின் பகு எண். 31 என்பது இரண்டின் ஐந்தாம் அடுக்கினும் ஒன்று குறைந்தது. நான்காம் இடம் வரை பார்க்கலாம்: 4, 14, பின்னர் 194-ஐ 31-ஆல் வகுத்த மீதியாகிய 8, பின்னர் 62. 62-ஐ 31 மீதியின்றி வகுக்கிறது, சுழி. 31 பகா எண். 2047-க்குப் பத்தாம் இடம் வரை செல்லவேண்டும்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. இறுதியில் நிற்பது சுழியன்று. 2047 பகு எண். 23-ஐயும் 89-ஐயும் ஒருமுறையேனும் தொடாமல் இம்முடிவு எட்டப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க!

இலூக்காசு தம் வழியால் இரண்டு செய்திகளை அறிவித்தார். 127-ஆம் அடுக்கின் எண், 39 இலக்கங்கள் உடையது, பகா எண்ணே என்பது ஒன்று. அவ்வளவில் மெர்சேன் சொன்னது மெய். 1951 வரை 75 ஆண்டுகள் அதுவே மாந்தன் அறிந்த மிகப்பெரிய பகா எண்ணாக இருந்தது. 67-ஆம் அடுக்கின் எண் பகு எண் என்பது மற்றொன்று. அவ்வளவில் மெர்சேன் சொன்னது பிழை. ஆனால் எவ்வெண்களால் பகும் என்று கேட்டால் இலூக்காசிடமும் விடையில்லை. உண்டு என்று தெரியும். எங்கே என்று தெரியாது.

இந்நிலையில் 27 ஆண்டுகள் கழிந்தன. 1903-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணக்கியல் கழகத்தின் கூட்டம் நடந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்கு நெல்சன் கோல் என்பார் பெரிய எண்களின் கூறு காண்டல் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டார். அன்று நடந்ததைக் கணக்கியல் வரலாறு எழுதிய எரிக்கு தெம்பிள் பெல் பின்னாளில் எழுதியுள்ளார். கோல் ஒரு சொல்லும் பேசவில்லையாம். பலகையின் ஒரு பக்கம் இரண்டை அறுபத்தேழாம் அடுக்கு வரை பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் சென்று 193707721 என்றும் 761838257287 என்றும் இரண்டு எண்களை எழுதி, நீண்ட பெருக்கல் முறையில் பெருக்கத் தொடங்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தம் இருக்கையில் போய் அமர்ந்தார். அவை எழுந்து கைதட்டியது. ஒருவரும் வினா எழுப்பவில்லை. இதற்கு எத்துணைக் காலம் ஆயிற்று என்று பெல் பின்னொருநாள் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையிறுத்தாராம். பெல் நிகழ்ச்சிகளைச் சுவைபடச் சொல்பவர். பேசாமல் நின்றதில் சிறிது மிகை இருக்கலாம். பலகையில் எழுதப்பட்ட பெருக்கலில் மிகை இருக்க இயலாது. கோல் எழுதிய கட்டுரையும் அவ்வாண்டிறுதியிலேயே அக்கழகத்தின் இதழில் வெளிவந்தது.

படிப்போர் எவரும் தாமே இதனைத் தேர்ந்து பார்க்கலாம். முதற்கூறின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மீண்டும் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. இரண்டாம் கூறின் இலக்கங்கள் 64, பின் 10, பின் 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. பேரெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109, பின் 10, பின் 1. ஒத்துவருகிறது. இது பிழையைக் காட்டிக்கொடுக்கும் தேர்வே அன்றி மெய்யை நிறுவும் தேர்வன்று. நிறுவ வேண்டுமாயின் ஒரு தாளை எடுத்து முழுப் பெருக்கலையும் செய்தல் வேண்டும். பெர்மாவின் நெறி பொய்க்கவில்லை என்பதையும் உடன் காணலாம்: 193707721-இலிருந்து ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் மீதியின்றி 1445580 வருகிறது. மற்றதிலிருந்து ஒன்றைக் கழித்து வகுத்தால் 5685360129. கூறுகளை எட்டால் வகுத்த மீதிகள் முறையே 1, 7. மூன்று ஆண்டுகள் தேடிக் கண்டதை ஒரு பிற்பகலில் எவனும் சரிபார்க்கலாம். அதற்குக் கோலின் பட்டமும் வேண்டா, பெல்லின் நூலும் வேண்டா.

காண்பது அரிது, சரிபார்ப்பது எளிது என்னும் இவ்வேற்றுமை அன்று வெறும் வியப்பாகத் தோன்றியது. 1977-இல் ரிவெசுட்டு, சமீர், ஆடில்மேன் என்னும் மூவர் இவ்வேற்றுமையையே ஒரு பூட்டாக ஆக்கினர். பெரும் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி வந்த எண்ணை ஊரறிய வெளியிடலாம். கூறுகளை அறிந்தவனே மறைமொழியைத் திறக்க இயலும். வைப்பகங்களும் செய்தித் தொடர்புகளும் இப்பூட்டைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. 617 இலக்கமுள்ள எண்கள் இதற்கு வழங்குகின்றன. 250 இலக்கமுள்ள ஓர் எண்ணின் கூறுகளை 2020-இல் கண்டனர். அதற்குச் செலவான கணிப்பொறி உழைப்பை ஒரே செயலகத்திடம் விட்டால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். எண்ணின் இயல்பை ஆய்ந்து என்ன பயன் என்று கேட்போர், தம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியைக் கேட்கட்டும்.

தமிழரிடம் எண் உழைப்பு இல்லாமற் போகவில்லை. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று; கீழ்முந்திரி என்பது அம்முந்திரியிலும் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 1,02,400-இல் ஒன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியில் இவற்றை நெட்டுருச் செய்தனர். காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலமும் பொன்னும் நெல்லும் அளக்கும் வழிகளைச் செய்யுளாகச் சொல்கிறது. மேடையில் ஓதத்தக்க பெருமை தாமரையிலும் வெள்ளத்திலும் இருப்பதைவிடக் கீழ்முந்திரியில் மிகுதியாக இருக்கிறது; ஏனெனில் அதற்கு அளவு உண்டு, அதனைக் கொண்டு வேலை நடந்தது. ஆனால் அவ்வழிகள் ஏன் பொருந்துகின்றன என்று நிறுவிக் காட்டுவது அந்நூல்களின் நோக்கமாக இருந்ததில்லை. விடை சொல்வதோடு நின்றன. மெர்சேனும் அங்கேதான் நின்றார்.

இன்றுள்ள குறை அதனினும் பெரிது. ஈரோட்டில் 1887-இல் பிறந்து குடந்தையில் படித்த இராமானுசனின் பெயரைச் சொல்லாத தமிழர் இல்லை. 1729 என்னும் எண்ணை இருவகையில் இரு முப்படிகளின் கூட்டாக எழுதலாம் என்பதற்குமேல் அவர் கண்டவற்றுள் ஒன்றையேனும் தமிழில் விளக்கவல்லார் எத்துணைப் பேர்? விளக்க முடியாமைக்கு மொழி கரணியமன்று. இலூக்காசு கண்ட வழியைச் சொல்ல, பெருக்கு, கழி, வகு, மீதி, சுழி என்னும் ஐந்து சொற்கள் போதுமாயின. அவை ஐந்தும் ஊரறிந்த சொற்கள். ஆங்கிலத்தில் மட்டுமே கணக்கியலைச் சொல்ல இயலும் என்பானும், தமிழில் எல்லாம் முன்பே சொல்லியாயிற்று என்பானும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: இருவரும் தாளை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பதில்லை.

பெருக்கிப் பார்ப்போர்க்கு வேலை இன்னும் மிகுந்திருக்கிறது. உலகெங்கும் தன்விருப்பினர் தம் கணிப்பொறிகளை ஒன்றிணைத்து 1996 முதல் மெர்சேன் வகைப் பகா எண்களைத் தேடி வருகின்றனர். 2024 அக்டோபரில் இரண்டின் 13,62,79,841-ஆம் அடுக்கினும் ஒன்று குறைந்த எண் பகா எண் என்று கண்டனர். அதன் இலக்கங்கள் 4,10,24,320. இலூக்காசும் இலெமரும் தந்த அதே வழியால் அஃது உறுதி செய்யப்பட்டது. இவ்வளவு பேரெண்ணை வென்ற கணிப்பொறிகள் அதனினும் மிகச் சிறிய எண் ஒன்றன்முன் கைகட்டி நிற்கின்றன. இரண்டின் 1277-ஆம் அடுக்கினும் ஒன்று குறைந்த எண்ணுக்கு 385 இலக்கங்களே. அது பகு எண் என்று நிறுவப்பட்டுவிட்டது. அதன் கூறு ஒவ்வொன்றும் 2554-இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தது என்பதும், எட்டால் வகுத்தால் 1 அல்லது 7 எஞ்சும் என்பதும் தெரியும். ஆனால் 2024-ஆம் ஆண்டு முடியவும் அக்கூறுகளில் ஒன்றைக்கூட எவரும் பலகையில் எழுதிக் காட்டவில்லை.